வலிக்குதா என்பதோடு நிறுத்தாதீர்கள்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் தாமான் திடல்கள் நிரம்பிவிடும். ஒரு பக்கம் ஃபுட்சால், ஒரு பக்கம் சைக்கிள், இன்னொரு பக்கம் ஸ்கேட்போர்டு. சாயங்காலம் ஆனால் மருத்துவமனை அவசரப் பிரிவின் நாற்காலிகளிலும் சில பிள்ளைகளைப் பார்க்கலாம். வீங்கிய கையை மறு கையால் ஏந்திப் பிடித்துக்கொண்டு, அழுகையை அடக்கியபடி உட்கார்ந்திருப்பார்கள்.

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "டாக்டர், எலும்பு உடைஞ்சிருச்சா?" எக்ஸ்ரே எடுக்கிறார்கள். திரையில் எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. முறிந்த இடத்தை மருத்துவர் சுட்டிக்காட்டுகிறார். எலும்பைப் பொருத்தி, மாவுக்கட்டுப் போட்டு, அதாவது நம் பேச்சில் 'சிமெண்டு' போட்டு, வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அன்றிரவு உறவினர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் போவதும் அந்த எக்ஸ்ரே படம்தான்.

அந்தப் படத்தில் இல்லாத ஒன்றைப் பற்றி இந்த வாரம் பேசலாம். அது நரம்பு. எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது. மணிக்கட்டு முறிந்தபோது பக்கத்தில் ஓடும் நரம்பு நசுங்கியதா, இழுபட்டதா என்று படம் சொல்லாது. அதற்கு முதல் சாட்சி அந்தப் பிள்ளைதான். நாம் கேட்டால்தான் அந்தச் சாட்சி வாய் திறக்கும்.

நான் மருத்துவர் இல்லை, வானொலியில் பேசுகிறவள். எங்கள் தொழிலில் இரைச்சலைவிட மௌனத்துக்குத்தான் அதிகம் பயப்படுவோம். இரைச்சல் வந்தால் கருவி ஏதோ வேலை செய்கிறது என்றாவது தெரியும். மௌனம் வந்தால் தொடர்பே அறுந்துவிட்டதோ என்று நெஞ்சு பதறும். கை முறிந்த பிள்ளையின் வலி இரைச்சல் மாதிரி. வீடே அதைக் கேட்கும். விரல் மரத்துப்போவது மௌனம் மாதிரி. யாருக்கும் கேட்பதில்லை.

ஏன் மணிக்கட்டு, ஏன் இந்த வயது?

தடுக்கி விழும்போது முகத்தைக் காக்க முதலில் நீளுவது கைதான். உடம்பின் எடை முழுவதும் உள்ளங்கை வழியாக மணிக்கட்டில் வந்து இறங்குகிறது. முன்கையில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. அடியை அதிகம் வாங்குவது ரேடியஸின் மணிக்கட்டு முனை. பிள்ளைகளுக்கு ஏற்படும் எலும்பு முறிவுகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவதும் அந்த இடத்து முறிவுதான்.

வயதும் ஒரு காரணம். பெண் பிள்ளைகள் ஏறக்குறைய 11, 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் 13, 14 வயதிலும் மளமளவென்று உயருவார்கள். எலும்பு நீளுகிற வேகத்துக்கு அதில் சுண்ணாம்புச் சத்து வந்து சேர்வதில்லை. சில காலம் எலும்பு நீண்டும், உறுதி குறைந்தும் இருக்கும். "போன வருஷம் வாங்கின சிலுவார் கணுக்காலுக்கு மேல ஏறிடுச்சே" என்று நாம் பூரித்துப்போகும் அதே மாதங்களில் கை முறியும் வாய்ப்பும் கூடுகிறது.

வளரும் எலும்பின் முனை அருகில் 'வளர்ச்சித் தட்டு' என்று ஒன்று உண்டு. குருத்தெலும்பால் ஆன மெல்லிய அடுக்கு அது. ரேடியஸ் எலும்பு நீளுவதில் ஏறக்குறைய முக்கால் பங்கு வேலை மணிக்கட்டுப் பக்கத் தட்டில்தான் நடக்கிறது. சுற்றியுள்ள எலும்பைவிட அது மென்மையானது. பலமாக விழுந்தால் எலும்பின் முனை அந்தத் தட்டோடு வழுக்கி நகர்ந்துவிடலாம். இத்தகைய முறிவுகளை டொரோண்டோவைச் சேர்ந்த சால்டர், ஹாரிஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1963-இல் ஐந்து வகைகளாகப் பிரித்தார்கள். உங்கள் பிள்ளையின் மருத்துவ அறிக்கையில் 'சால்டர்-ஹாரிஸ்' என்று பார்த்தால், முறிவு வளர்ச்சித் தட்டைத் தொட்டிருக்கிறது என்று பொருள்.

இதில் நல்ல செய்தியும் உண்டு. பிள்ளைகளின் மணிக்கட்டு எலும்பு பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்களில் கூடிவிடும். கொஞ்சம் கோணலாகக் கூடினாலும் வளர வளர நிமிர்ந்துவிடும் திறன் அதற்கு இருக்கிறது. "சின்னப் பிள்ளைதானே, சீக்கிரம் சரியாயிடும்" என்று நாம் அசந்துபோவதும் இதனால்தான். எலும்பைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு சரி. நரம்பின் கணக்கு வேறு.

விரல்களின் வரைபடம்

உங்கள் வலது கையை விரித்து உள்ளங்கையைப் பாருங்கள். அந்தக் கைக்கு மூன்று நரம்புகள் பொறுப்பு.

மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு குறுகலான சுரங்கம் இருக்கிறது. அதன் தரையும் சுவரும் சிறு எலும்புகள். கூரை, இறுக்கமான நார்ப்பட்டை. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரே ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. அந்த நரம்புக்கு மீடியன் நரம்பு என்று பெயர். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றின் உணர்வு இதன் வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவரும் தசைகளில் முக்கியமானவற்றுக்கும் இதுவே கட்டளை கொண்டுபோகிறது. சட்டைப் பொத்தான் போடுவது, மேசையில் கிடக்கும் 5 காசை எடுப்பது, பேனா பிடிப்பது எல்லாமே இந்த நரம்பின் தயவு.

இரண்டாவது அல்னார் நரம்பு. முழங்கையை மேசை முனையில் இடித்துக்கொண்டால் சுரீரென்று ஷாக் அடிக்குமே, அதுதான் இது. சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் இதன் பகுதி. விரல்களை அகல விரிப்பதும் சேர்ப்பதும் இதன் வேலை. மூன்றாவது ரேடியல் நரம்பு. புறங்கையில் கட்டைவிரல் பக்கத்து உணர்வும், மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் வேலையும் இதனுடையவை.

மணிக்கட்டு முறியும்போது அதிகம் சிக்கிக்கொள்வது மீடியன் நரம்பு. எலும்பின் முனை புறங்கைப் பக்கம் விலகினால், முறிந்த மறு பாகம் உள்பக்கமாகத் துருத்திக்கொண்டு வந்து நரம்பை இடிக்கலாம், இழுத்தும் பிடிக்கலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இப்படி ஆவதில்லை. எலும்பு அதிகமாக விலகிய முறிவுகளில்தான் ஆபத்து கூடுதல்.

நரம்புக்கு வரும் தொல்லையில் இரண்டு மாதிரி உண்டு. முதல் மாதிரியில், விழுந்த கணத்திலிருந்தே விரல் மரத்திருக்கும். அதற்குப் பிறகு கூடாது. இது பெரும்பாலும் நரம்பில் பட்ட கன்றிய அடி. இரண்டாவது மாதிரியில், முதலில் விரல் நன்றாக இருக்கும். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ மரமரப்பு தொடங்கி, வலியோடு சேர்ந்து கூடிக்கொண்டே போகும். இரத்தமும் வீக்கமும் அந்தச் சுரங்கத்தை நிரப்பி நரம்பை நெரிக்கின்றன என்பதற்கு இது அடையாளம். நேரத்தோடு அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். முதல் மாதிரியையும் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். இரண்டாவதுக்கு விடியும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

"வலிக்குதான்னுதானே கேட்டீங்க"

என் அக்கா மகனுக்கு 13 வயது. பள்ளி ஃபுட்சால் குழுவில் கோல்கீப்பர். பந்தைத் தடுக்கப் பாய்ந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனையில் எலும்பைப் பொருத்திக் கட்டுப் போட்டார்கள். வீட்டில் கவனிக்க வேண்டியவற்றை அச்சடித்த தாளும் கொடுத்தார்கள். தாள் அக்காவின் கைப்பைக்குள் போய்விட்டது.

முதல் நாள் அமைதியாகப் போயிற்று. இரண்டாம் நாள் இரவு பையன் தூங்கவில்லை. வலி மாத்திரை கொடுத்தும் அடங்கவில்லை. "கட்டு போட்டா அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கோ" என்றார் அத்தான். அப்போது என் அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து பேரனின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"ஐயா, பாட்டி தொடுறது தெரியுதா?"

"சுண்டுவிரலு தெரியுது. இந்த மூணும் கெபாஸா இருக்கு பாட்டி. மத்தியானத்திலேருந்தே அப்படித்தான்."

"ஏன்டா இத்தனை நேரம் சொல்லல?"

"எல்லாரும் வலிக்குதான்னுதானே கேட்டீங்க."

அன்றிரவே திரும்பக் கூட்டிப்போனார்கள். கட்டைப் பிளந்து தளர்த்தி, விடிய விடியக் கண்காணித்தார்கள். நல்ல வேளையாக அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. விரல்களில் உணர்வு முழுதாகத் திரும்பச் சில வாரங்கள் பிடித்தன.

அந்தப் பையன் சொன்ன பதிலில் நமக்கெல்லாம் பாடம் இருக்கிறது. மரத்துப்போவது வலி இல்லை. அதனால் அதைச் சொல்லவேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தோன்றுவதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அதற்கான சொல்லும் தெரியாது. "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா?" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். மலாய்க்காரர்களும் இதே உணர்வை 'செமுட்-செமுட்' என்றுதான் சொல்கிறார்கள். எறும்பு எல்லா வீட்டுக்கும் தெரிந்த விருந்தாளி அல்லவா?

கல், தாள், கத்தரிக்கோல்

விரல் வேலை செய்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் பிள்ளைகளோடு ஒரு விளையாட்டு விளையாடுவதுண்டு. நம் பிள்ளைகள் 'பத்து, குந்திங், கெர்தாஸ்' என்று விளையாடுகிறார்களே, அதேதான்.

விரல்களை மடக்கிக் கல் காட்டினால் மீடியன் நரம்பின் வேலை தெரியும். கையை நிமிர்த்தித் தாள் காட்டினால் ரேடியல் நரம்பு. இரண்டு விரல்களை விரித்துக் கத்தரிக்கோல் காட்டினால் அல்னார் நரம்பு. இதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்டமாக 'ஓகே' காட்டச் சொல்வார்கள். மீடியன் நரம்பின் ஒரு கிளை நலமா என்று அது காட்டும். வட்டம் வராமல் விரல்கள் தட்டையாக ஒட்டிக்கொண்டால் சந்தேகம்.

அசைவு இருந்தால் மட்டும் போதாது. உணர்வையும் பார்க்கவேண்டும். ஆள்காட்டி விரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் தொட்டு, "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கா?" என்று கேட்கலாம். அடிபடாத கையின் விரலோடும் ஒப்பிடச் சொல்லலாம். முறிந்த கையில் வலி இருக்கும்போது எல்லா அசைவையும் காட்டு என்று வற்புறுத்த வேண்டாம். முடிந்ததைக் காட்டட்டும்.

எலும்பைப் பொருத்துவதற்கு முன் ஒரு தடவை, பொருத்திய பின் ஒரு தடவை இந்தச் சோதனையைச் செய்வது முறை. முன்பே மரத்திருந்ததா, பிறகுதான் மரத்ததா என்று தெரிந்தால்தான் அடுத்த முடிவை எடுக்கமுடியும். "டாக்டர், விரல்ல உணர்வு நல்லா இருக்கான்னு ஒருமுறை பார்த்துச் சொல்லுங்களேன்" என்று நீங்கள் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

வீட்டிலும் வழியிலும்

பிள்ளை கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு வீங்கினால் முதலில் வளையல், காப்பு, மோதிரம், கோயில் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வீக்கம் ஏறிய பிறகு அவை விரலையும் கையையும் இறுக்கும். கை எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் அசையாமல் தாங்கிக் கட்டுங்கள். கையில் இருக்கும் இந்த வார மலரைத் தடிமனாக மடித்து வைத்துத் துணியால் கட்டினாலே போதும். கோணலை நேராக்க முயலவேண்டாம். மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதால் வழியில் மைலோ, பிஸ்கட் எதுவும் வேண்டாம்.

கட்டுப் போட்டு வந்தபின் முதல் இரண்டு மூன்று நாள் கவனம் தேவை. கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தால் வீக்கம் குறையும். காலை, மதியம், இரவு, தூங்கும் முன் என்று விரல்களைத் தொட்டுக் கேளுங்கள். மாத்திரைக்கும் அடங்காமல் வலி கூடினால், விரலை நீங்கள் மெல்ல நிமிர்த்தும்போது பிள்ளை துடித்தால், மரமரப்பு வந்தால் அல்லது பரவினால், விரல் வெளிறினால், நீலம் பாய்ந்தால், சில்லிட்டால், அடுத்த சந்திப்பு நாளுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சின்னப் பிள்ளை காரணம் தெரியாமல் பரபரத்து, மாத்திரை மாத்திரை என்று கேட்டுக்கொண்டே இருப்பதும் எச்சரிக்கைதான். கட்டை வீட்டில் வெட்டக் கூடாது. அரிக்கிறது என்று ரூலரை உள்ளே விடவும் கூடாது.

அடுத்தது உருட். வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார். "சுளுக்காத்தான் இருக்கும். எண்ணெய் போட்டு நீவிவிட்டா சரியாயிடும்." நீவிவிடும் பெரியவர்களின் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் முறிந்த எலும்பின் விளிம்பு நரம்புக்குப் பக்கத்தில் இருக்கும்போது அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வீக்கத்தின் மேல் இறுக்கிச் சுற்றும் துணிக்கட்டும் அந்தக் குறுகலான சுரங்கத்தை மேலும் நெருக்கும். உணர்வில்லாத தோலுக்குச் சூடும் தெரியாது. சுடச்சுட எண்ணெய் ஊற்றினால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். முதலில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

சரி, நரம்பு அடிபட்டேவிட்டது என்றால்? பிரிட்டனைச் சேர்ந்த ஹெர்பர்ட் செடன் என்ற அறுவை மருத்துவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943-இல், நரம்புக் காயத்தை மூன்று நிலைகளாகப் பிரித்தார். முதல் நிலையில் நரம்பு அறுபடவில்லை, செய்தி கடத்துவதை மட்டும் சில காலம் நிறுத்திவைக்கிறது. இரண்டாவதில் உள்ளே இருக்கும் இழைகள் அறுந்து, உறை மட்டும் மிஞ்சுகிறது. மூன்றாவதில் நரம்பே துண்டாகிறது. பிள்ளைகளின் மணிக்கட்டு முறிவோடு வருவது பெரும்பாலும் முதல் நிலைதான். சில நாளிலிருந்து சுமார் மூன்று மாதத்துக்குள் அது தானாகவே சரியாகிவிடும்.

இழைகள் அறுந்திருந்தால் அவை மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை மறுபடி வளர்ந்து போகவேண்டும். அதன் வேகம் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து நுனிவரை 15 சென்டிமீட்டர் என்றால் 150 நாள், அதாவது ஐந்து மாதம். எலும்பு கூடிக் கட்டைப் பிரித்து, பிள்ளை பள்ளிக்குப் போய், எல்லாரும் மறந்த பிறகும் நரம்பு நடந்துகொண்டே இருக்கும். பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு நரம்பு நன்றாகத் தேறும் என்பது ஆறுதல்.

இந்தக் காலத்தில் எறும்பு நல்ல சகுனமாகவும் வரலாம். நரம்பு போகும் பாதையில் மெல்லத் தட்டினால் இழைகள் வளர்ந்து சேர்ந்த இடத்தில் சுருசுருவென்று இருக்கும். பிரான்ஸில் டினல், ஜெர்மனியில் ஹாஃப்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1915-இல் இதைத் தனித்தனியே எழுதினார்கள். அப்போது அவர்களுடைய நாடுகள் இரண்டும் எதிரெதிரே நின்று போரிட்டுக்கொண்டிருந்தன. வாரத்துக்கு வாரம் அந்தச் சுருசுருப்பு விரல் நுனியை நோக்கி நகர்ந்தால் நரம்பு வளர்கிறது என்று அர்த்தம். பல வாரங்கள் ஆகியும் முன்னேற்றம் இல்லாவிட்டால் நரம்பின் வேகத்தைக் கருவியால் அளந்து, அறுவை சிகிச்சை தேவையா என்று முடிவு செய்வார்கள்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன வேலைகள். சூடான கோப்பை, தோசைக்கல், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றிலிருந்து மரத்த விரலைக் காக்கவேண்டும். சிகிச்சையாளர் சொல்லிக்கொடுக்கும் விரல் பயிற்சியை விடாமல் செய்யவேண்டும். எழுதும் கை என்றால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கையெழுத்து கோணினால் சோம்பேறித்தனம் என்று யாரும் திட்டிவிடக் கூடாது.

திட்டு என்றதும் இன்னொன்று சொல்லவேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைகள் பலர் வாய் திறக்காததற்குக் காரணம் பயம். லைசென்ஸ் இல்லாமல் நண்பனின் மோட்டாரை ஓட்டியிருப்பான். டியூஷனுக்குப் போகாமல் திடலுக்குப் போயிருப்பாள். "எப்படி விழுந்தே?" என்று விசாரணை ஆரம்பித்தால், விரல் மரத்ததையும் சேர்த்தே மறைத்துவிடுவார்கள். எந்த வேகத்தில், எப்படி விழுந்தார்கள் என்பதை மருத்துவரிடம் மட்டும் தயங்காமல் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் விசாரணையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். இன்றைக்கு அந்தப் பிள்ளையின் விரல் நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்கவேண்டியது இவ்வளவுதான்: "நான் தொடுறது தெரியுதா?"